ஓ-3 ஃபில்டருக்குத் தனி ஃபோகஸ்: ரிமோட் அப்சர்வேட்டரியில் நெபுலா படம் எடுப்பது

இணையம் வழியாகத் தொலைவிலிருந்து இயக்கும் தொலைநோக்கியில் ரோசெட் நெபுலாவை (விண்வெளி வாயு மேகம்) மூன்று நேரோபேண்ட் ஃபில்டரிலும் (குறுகிய ஒரு நிறப் பட்டையை மட்டும் விடுபவை) எடுத்து முடிக்க எனக்கு இரண்டு முயற்சி ஆனது. முதல் முறை எடுத்த ஓ-3 (ஆக்சிஜன் ஒளிக்கான ஃபில்டர்) படங்கள் அத்தனையும் வீண். எங்கே சறுக்கினேன் என்பது பிடிபட்ட பிறகு இதை எழுதுகிறேன். கணக்குத் தொடங்குவது, தொலைநோக்கி நேரம் பதிவு செய்வது எல்லாம் தொலைநோக்கியை வழங்கும் அந்தந்த இணையதளத்திலேயே இருக்கும்.

முதலில் இலக்கு. தானே ஒளிரும் வாயுவாக இருக்க வேண்டும். கார்த்திகைக் கூட்டத்தைச் சுற்றியுள்ள நீலப் புகை வெறும் பிரதிபலிப்பு. நேரோபேண்டில் அதற்கு வேலையில்லை. வடக்கு வானத்துக்கு ரோசெட், தொலைநோக்கி தெற்கே இருந்தால் கரீனா நெபுலா. இரண்டுமே பெரியவை, அகலப் பார்வை உள்ள கருவியைப் பிடியுங்கள்.

ஃபில்டர்கள் மூன்று, அவை விடும் ஒளியின் அலைநீளம்: ஹெச்-ஆல்பா (ஹைட்ரஜன்) 656.3 நானோமீட்டர், ஓ-3 500.7, எஸ்-2 (கந்தகம்) 671.6 மற்றும் 673.1. பட்டை அகலம் 3 நானோமீட்டர் கிடைத்தால் 7-ஐ யோசிக்கவே வேண்டாம். நிலவொளி அவ்வளவு குறையும்.

நேரத்தை எப்படிப் பிரிப்பது? புதிதாக வருபவர்கள் ஹெச்-ஆல்பாவிலேயே பாதி இரவைச் செலவழிக்கிறார்கள், அதில்தான் படம் உடனே பளிச்சென்று தெரிகிறது. என் கணக்கு வேறு: ஹெச்-ஆல்பா 3 மணி, எஸ்-2 4 மணி, ஓ-3 குறைந்தது 5 மணி, எல்லாம் 300 விநாடி எக்ஸ்போஷர். நிலா இருக்கும் நேரத்தை மற்ற இரண்டுக்கும் கொடுங்கள். நிலவொளி நீலம், பச்சைப் பக்கம்தான் வானத்தில் அதிகம் சிதறும், அதனால் ஓ-3-க்கு நிலா இல்லாத இருட்டு வேண்டும்.

ஓ-3-இன் இந்தப் பச்சை நிறமாலைக் கோட்டின் மீது எனக்குத் தனிப் பிரியம். 1864-இல் வானியலாளர் வில்லியம் ஹக்கின்ஸ் ஒரு கோள்வடிவ நெபுலாவின் நிறமாலையில் இதைப் பார்த்தார். தெரிந்த எந்தத் தனிமத்தோடும் பொருந்தாததால் ‘நெபுலியம்’ என்றுகூடப் பெயர் வைத்தார்கள். இரண்டு எலக்ட்ரான் இழந்த ஆக்சிஜன்தான் அது என்று இயற்பியலாளர் ஐரா போவன் விளக்க 1927 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இனி நான் சறுக்கிய இடம். இரவின் தொடக்கத்தில் ஹெச்-ஆல்பாவில் ஆட்டோஃபோகஸ் ஓடியது. பிறகு ஃபில்டர் மாறியது, ஃபோகஸ் மாறவில்லை. காலையில் கோப்பைத் திறந்தால் ஒவ்வொரு நட்சத்திரமும் நடுவில் ஓட்டை விழுந்த மோதிரம் போல இருந்தது. ஃபில்டர் கண்ணாடிகளின் தடிமன் துளி வித்தியாசப்பட்டாலே குவியும் இடம் நகர்ந்துவிடும். இரவு குளிரக் குளிரத் தொலைநோக்கியின் குழாயும் சுருங்கும். எனவே திட்டத்தில் ‘ஃபில்டர் மாறும்போது ஆட்டோஃபோகஸ்’ என்பதைக் கட்டாயம் டிக் செய்யுங்கள். அது ஓடும் எக்ஸ்போஷரையும் பாருங்கள். சாதாரண ஃபில்டருக்குப் போதுமான 3, 4 விநாடியில் ஓ-3-இல் நட்சத்திரமே தெரியாது, ஆட்டோஃபோகஸ் தடுமாறும். 20 விநாடி வையுங்கள். முழு இரவையும் பதிவு செய்யுமுன் ஒரே ஒரு ஓ-3 படம் எடுத்து இறக்கி, நூறு சதவீத அளவில் நடுவையும் நான்கு மூலைகளையும் பாருங்கள். அந்த 5 நிமிடத்தை மிச்சம் பிடிக்க வேண்டாம்.

எடுத்த படங்களைக் கோர்ப்பதற்கு சிரில் என்ற மென்பொருள் போதும், இலவசம். பிக்ஸ்இன்சைட் நல்லதுதான், ஆனால் முதல் படத்துக்கு அவ்வளவு செலவு தேவையில்லை. மூன்று ஸ்டாக்கையும் (ஒரே ஃபில்டரின் படங்களை ஒன்றாக்கியது) ஹெச்-ஆல்பாவோடு அலைன் செய்து, ஸ்டார்நெட் மென்பொருளில் நட்சத்திரங்களை நீக்கி, ஒவ்வொன்றையும் தனித்தனியாக ஸ்ட்ரெட்ச் செய்த (மங்கலானதைப் பிரகாசமாக்கிய) பிறகே சேருங்கள். எஸ்-2 சிவப்பு, ஹெச்-ஆல்பா பச்சை, ஓ-3 நீலம்: ஹபிள் 1995-இல் எடுத்த ‘படைப்பின் தூண்கள்’ படத்தின் வண்ண வரிசை இதுதான். ஸ்ட்ரெட்ச் செய்யாமல் சேர்த்தால் ஹெச்-ஆல்பா மற்றதை விழுங்கி, படம் முழுக்கப் பச்சையாகிவிடும்.

பின்சேர்க்கை: ஃப்ளாட் (தூசி நிழலை நீக்க, சீரான வெளிச்சத்தில் எடுக்கும் படம்) போட்டும் தூசி வளையங்கள் போகவில்லை என்று இருவர் எழுதியிருந்தார்கள். ஃபிட்ஸ் கோப்பின் (வானியல் படக் கோப்பு) தலைப்பில் உள்ள விவரங்களைப் பார்த்ததும் காரணம் தெரிந்தது. ஒருவர் ஹெச்-ஆல்பா ஃப்ளாட்டையே ஓ-3-க்கும் போட்டிருந்தார். இன்னொருவருடைய படங்கள் கேமரா 90 பாகை திரும்பிய பிறகு எடுத்தவை, ஃப்ளாட் அதற்கு முந்தையது. ஃபில்டர் பெயர், ரொட்டேட்டர் கோணம் (கேமரா திரும்பிய கோணம்), பின்னிங் (பக்கத்துப் பிக்சல்களைச் சேர்க்கும் அளவு) மூன்றும் படத்திலும் ஃப்ளாட்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டே ஸ்டாக் தொடங்குங்கள்.