நம்பிக்கைக்கும் ஒரு கணக்கு வேண்டும்

கோத்தகிரிப் பக்கம் சிறு தேயிலை விவசாயிகள் குழுவை நடத்துகிறீர்களா? கடந்த 3 ஆண்டுக் கொழுந்துக் கணக்கை எடுத்து, மாதவாரியாக மூன்று எடைகளை எழுதுங்கள்: மிகக் குறைந்தது, வழக்கமானது, மிக அதிகம். கடன் தவணையைக் குறைந்த எடையை வைத்தே முடிவு செய்யுங்கள்; ஆள்கூலி, உரச் செலவை வழக்கமானதை வைத்து. அதிக எடையைச் சொன்னால் அதற்கான வேலையையும் சேர்த்தே சொல்லுங்கள்.

கூட்டத்தை "இந்த வருஷம் விலை ஏறிடும்" என்று தொடங்கினால் பலர் வட்டிக்கு வாங்கிவிடுவார்கள். விலை நம் கையில் இல்லை; இரண்டு இலை ஒரு மொட்டாகக் கிள்ளுவது நம் கையில். வெறும் பயம் காட்டினாலும் கெடுதல்தான்: களையெடுப்பு நிற்கும், கொழுந்து முற்றும்.

டிசம்பர், ஜனவரியில் குளிர்காற்று கீழே தங்குவதால் உறைபனி பள்ளத்துச் செடிகளைத்தான் முதலில் கருக்கும். அந்த மாதங்களின் மிகக் குறைந்த எடையை எழுதும்போது பள்ளத்துச் செடிகளின் கொழுந்தைச் சேர்க்கவே வேண்டாம்.