கொரிய மொழியில் ஒரே ஓசை, வேறு பொருள்: எங்கே சறுக்குகிறோம்?

கொரிய மொழி படிக்க ஆரம்பிப்பவர்கள் சீக்கிரமே ஒரு குறுக்குவழியைப் பிடித்துக்கொள்கிறார்கள்: 'சு' என்றால் தண்ணீர். சுயொங் நீச்சல், சுதோ குழாய்த் தண்ணீர். சரிதான். அப்புறம் துவாலைக்கு சுகொன் என்றதும், ஈரம் துடைப்பதுதானே, இதுவும் தண்ணீர் என்று எழுதிக்கொள்வார்கள். தப்பு. இந்த 'சு' கையைக் குறிக்கிறது. சியோலை சுதோ என்பார்கள். அது தலைநகரம், அங்கே 'சு' தலை. இவையெல்லாம் சீனத்திலிருந்து கொரியத்துக்கு வந்த சொற்கள். சீனத்தில் எழுத்தால் பிரிந்து நின்றவை கொரிய நாக்கில் ஒன்றாகிவிட்டன. ஆகவே அசைக்கு அசை பொருள் எழுதி மனப்பாடம் செய்யாதீர்கள். முழுச் சொல்லாகப் படியுங்கள்.

முழுச் சொல்லும் சில நேரம் காலை வாரும். விளையாட்டுப் பக்கத்தில் ஓர் அணிக்கு '3 யொன்பே' என்று இருந்தால், தொடர்ந்து மூன்று தோல்வியாகவும் இருக்கலாம், தொடர்ந்து மூன்று முறை கோப்பை வென்றதாகவும் இருக்கலாம்! பின்னால் வரும் வினையைப் பார்க்க வேண்டும்: யொன்பேயில் 'விழுந்தால்' தோல்வி, யொன்பேயைச் 'சாதித்தால்' வெற்றி. மாலை தொடுத்தாளா, மாலை மயங்கியதா என்று நாம் பிரிப்பதும் இப்படித்தானே. சொல்லை அதன் வினையோடு சேர்த்தே குறித்துக்கொள்ளுங்கள்.

அடைமொழிகளிலும் கவனம் தேவை. 1909-இல் ஹார்பின் ரயில் நிலையத்தில் ஜப்பானின் முன்னாள் பிரதமர் இட்டோ ஹிரோபுமியைச் சுட்ட அன் ஜுங்குனை கொரியர்கள் 'உய்சா' என்பார்கள். உய்சா என்றால் மருத்துவர் என்று மட்டும் படித்தவர், அவர் எந்த மருத்துவமனை என்று தேடுவார். இது நாட்டுக்காக உயிர் கொடுத்த வீரரைச் சொல்லும் வேறு சொல்.

எல்லாவற்றுக்கும் சீன எழுத்தைத் தேடுவதும் வீண் வேலை. 'பே' பேரிக்காய், கப்பல், வயிறு. மூன்றுமே சுத்தக் கொரியச் சொற்கள். இரண்டு வகையும் குழம்பினால் கொரியர்களே தடுமாறுவார்கள். 2022-இல் சியோலில் ஒரு காஃபே 'சிம்சிம்ஹான் சாக்வா', அதாவது ஆழ்ந்த மன்னிப்பு, கேட்டது. சிம்சிம்ஹான் என்பதற்கு நாட்டுச் சொல்லில் 'போரடிக்கிற' என்று பொருள். போரடித்தபடியா மன்னிப்புக் கேட்கிறீர்கள் என்று இணையத்தில் பலர் கொதித்தார்கள்.

கடைசியாக, தமிழ் எழுத்தில் குறிப்பெடுக்காதீர்கள். அறையும் ரொட்டியும் நமக்கு 'பாங்'தான். கொரியத்தில் இரண்டுக்கும் முதல் எழுத்தே வேறு. ஹங்குல் எழுத்தைக் கற்றுக்கொண்டால், இல்லாத ஒற்றுமைகளில் பாதி அங்கேயே கழன்றுவிடும்.