கேட்டமரானுக்கு எந்த ஊர்? ஆங்கிலச் சொல்லின் பூர்வீகம் பார்க்கும் முறை

நாகர்கோவில் பக்கம் முப்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். ஒருநாள் பாடத்தில் 'கேட்டமரான்' என்ற சொல் வந்தது, பக்கத்தில் படமும் இருந்தது. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பையன் எழுந்து, "டீச்சர், இது நம்ம மரம் இல்லியே, ரெண்டு வள்ளத்த சேத்து வச்சிருக்கான்" என்றான். அவன் அப்பா தினமும் கட்டுமரத்தில் கடலுக்குப் போகிறவர். எனக்குப் பதில் தெரியவில்லை. அன்று ராத்திரி அகராதியைப் புரட்டியதில் தொற்றிக்கொண்ட பழக்கம்தான் இது.

ஒரு நோட்டில் மூன்று பத்தி கோடு போடுங்கள்: வருஷம், வழி, பொருள். சட்டைப்பை அகராதி உதவாது. சொல்லின் பிறப்பைச் சதுர அடைப்புக்குள் தரும் பெரிய அகராதி வேண்டும். எல்லாரும் தாண்டிப் போகிற அந்தப் பொடி எழுத்தில்தான் சங்கதி இருக்கிறது.

கேட்டமரானையே நிரப்பிப் பார்ப்போம். வில்லியம் டாம்பியர் என்ற கடலோடி, 1697இல் வெளிவந்த பயண நூலில், சோழமண்டலக் கரையில் கட்டைகளைச் சேர்த்துக் கட்டிய மிதவையை இந்தப் பேரால் சொல்கிறார். வருஷம் ஆயிற்று. வழி நேர்வழி, தமிழ்க் 'கட்டுமரம்'தான். பொருளில்தான் கோளாறு. 1876இல் நத்தானியல் ஹெரெஷாஃப் என்ற அமெரிக்கர் இரட்டை உடல் கொண்ட பாய்க்கப்பல் ஒன்றைக் கட்டி, நியூயார்க் பந்தயத்தில் ஓட்டி மற்றவர்களை முந்தினார். எதிர்ப்புக் கிளம்பி அந்தப் படகைத் தள்ளிவைத்தது தனிக்கதை. இரண்டு உடலைச் சேர்த்துக் கட்டும் வித்தை பசிபிக் தீவுக்காரர்களுடையது. ஒட்டிக்கொண்ட பேர் நம்முடையது. பையன் சொன்னது சரிதான்.

வழிப் பத்தியை நிரப்பும்போது அவசரப்படாதீர்கள். 'மேங்கோ'வை ஆங்கிலேயர் நம்மிடம் நேராகக் கேட்டு வாங்கவில்லை. வாஸ்கோ ட காமா கோழிக்கோட்டில் இறங்கியது 1498இல். கிழக்கிந்தியக் கம்பெனி பிறந்ததோ 1600இல். இடையில் நூறு வருஷம் போர்ச்சுகீசியர் வாயில் நம் மாங்காய் 'மங்கா'வாக உருண்டிருக்கிறது. தேக்கு 'டீக்' ஆனதும் போர்ச்சுகீசிய 'தெக்கா' வழியாகத்தான்.

அகராதி கையில் இல்லாவிட்டால் உச்சரிப்பே வயசைக் காட்டிக்கொடுக்கும். 'சீஃப்', 'ஷெஃப்' இரண்டும் ஒரே பிரெஞ்சுச் சொல். 1066க்குப் பிறகு பிரான்சிலிருந்து வந்த நார்மானியர் இங்கிலாந்தை ஆண்ட காலத்துப் பிரெஞ்சில் முதல் ஒலி அழுத்தமான 'ச்ச'. பின்னால் பிரெஞ்சிலேயே அது 'ஷ' ஆகிவிட்டது. முன்னால் வந்தவர் தலைவர், பின்னால் வந்தவர் சமையல்காரர்.

எழுத்துக்கூட்டலை மட்டும் நம்பாதீர்கள். கடனுக்கான 'டெட்'டில் ஒரு 'பி' ஊமையாக உட்கார்ந்திருக்கிறதே, பிரெஞ்சிலிருந்து வாங்கியபோது அது இல்லை. லத்தீன் படித்த பண்டிதர்கள் 'டெபிட்டும்' என்ற மூலத்தைப் பார்த்துவிட்டுச் செருகியது. 'ஐலண்ட்' இதைவிட மோசம். அது இங்கிலாந்தின் சொந்தச் சொல். லத்தீன் வழி வந்து அதே தீவைக் குறிக்கும் 'ஐல்' பக்கத்து வீட்டில் இருந்ததால் அதன் 'எஸ்' இதற்கும் ஒட்டிக்கொண்டது. பிள்ளைகள் ஐந்நூறு வருஷத்துப் பண்டிதத் தப்பை டிக்டேஷனில் எழுதாமல் விட்டுத்தான் இன்னும் மார்க் இழக்கிறார்கள்.

சொல்லோடு சொல் ஒட்டும் இடத்தையும் பார்க்க வேண்டும். சமையலில் கட்டும் 'ஏப்ரன்' முதலில் 'நேப்ரன்'. முன்னால் வரும் 'எ' என்ற சிறுசொல்லோடு சேர்த்துச் சொல்லிச் சொல்லி, 'ந' அந்தப் பக்கம் போய்விட்டது. 'நிக்நேம்' கதை தலைகீழ்: 'அன்' என்பதிலிருந்து 'ந' இந்தப் பக்கம் வந்தது. 'பிரித்து எழுதுக' கேள்விக்கு ஒரு நாடே தப்பாகப் பதில் எழுதியது போல.

கடைசியாக, ஆசையை அடக்குங்கள். 'கேஷ்' நம் காசிலிருந்து வந்தது என்று கல்யாண வீட்டில் யாராவது சொன்னால் நானும் ஒரு காலத்தில் தலையாட்டினேன். அகராதியில் 'கேஷ்' இரண்டு தடவை வருகிறது. ரொக்கத்துக்கான 'கேஷ்', பணப்பெட்டியைக் குறித்த பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. இன்னொன்று சின்ன நாணயம். அதுதான் நம் காசு, போர்ச்சுகீசியர் வாய் வழியாகப் போனது. சென்னையில் கம்பெனி கணக்கில் 80 காசு 'பணம்' என்ற ஒரு நாணயம், 42 பணம் ஒரு வராகன். ஒலியும் ஒன்று, எழுத்தும் ஒன்று, வந்த வழி வேறு. ஆகவே வழிப் பத்தி காலியாக இருக்கும் சொல்லை ஊரில் யாரிடமும் சொல்லாதீர்கள்.

முதல் நாளுக்கு 'செரூட்' எடுங்கள், சுருட்டு உடனே அகப்படும். மறுநாள் 'ஆல்கஹால்'. அது அரபுக்காரர் கண்ணில் தீட்டிய மையில் போய் நிற்கும். அங்கிருந்து புட்டிக்குள் எப்படி இறங்கியது என்பதைப் பொருள் பத்தியில் நீங்களே எழுதுங்கள்.