ஜெர்மன் பெயர்களைப் பிரித்துப் பொருள் காண்பது எப்படி?

ஹெட்விக் என்பது ஜெர்மனியில் ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்த பெண் பெயர். அதைப் பிரித்தால் 'போர்', 'போர்' என்ற ஒரே பொருளில் இரண்டு சொற்கள் கிடைக்கும். ஹில்டெகுண்ட் என்ற பெயரும் அப்படித்தான். பெண் குழந்தைக்கு 'போர்ப்போர்' என்று ஏன் பெயர் வைத்தார்கள்? இதற்கு விடை தெரிந்துவிட்டால் பழைய ஜெர்மன் பெயர்களில் பெரும்பகுதி புரிந்த மாதிரி. ஜெர்மன் மொழி தெரியாதவர்களும் இதைச் செய்யலாம். ஒரு தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: கூப்பிடும் பெயரைப் பிரித்தெடுங்கள்

ஜெர்மானியர்களுக்கு இரண்டு மூன்று முதற்பெயர்கள் இருப்பது சாதாரணம். அவற்றில் வீட்டில் கூப்பிடும் பெயரை ரூஃப்னாமெ என்பார்கள். அது முதலில்தான் வரவேண்டும் என்றில்லை. யோஹான் செபாஸ்டியன் பாக் குடும்பத்தில் அண்ணன் தம்பிகளுக்கும் யோஹான் என்றே ஆரம்பிக்கும்: யோஹான் கிறிஸ்டோஃப், யோஹான் யாகோப். அங்கே ஆளை அடையாளம் காட்டியது இரண்டாவது பெயர்தான். ஒவ்வொரு பெயரையும் தனித்தனி வரியில் எழுதிக்கொள்ளுங்கள்.

படி 2: பூர்வீகம் எது என்று பாருங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கேட்டால் அச்சு அசல் ஜெர்மன் போல ஒலிக்கும் பெயர்கள் பல வெளியிலிருந்து வந்தவை. ஹான்ஸ் என்பது யோஹான்னெஸின் சுருக்கம், மூலம் எபிரேயம். கிளவுஸ் என்பது நிக்கொலாவுஸ், யூர்கன் என்பது கேயோர்க், இரண்டும் கிரேக்கம். உர்சுலா ('குட்டிக் கரடி'), ரெனாட்டெ ('மறுபடி பிறந்தவள்') இரண்டும் இலத்தீன். 12ஆம் நூற்றாண்டுக்குப் பிறகு புனிதர்களின் பெயர்களை வைக்கும் வழக்கம் வேகமாகப் பரவியது. இவை இந்த வழியாக வந்து மண்ணோடு கலந்துவிட்டன.

மறுபக்கமும் உண்டு. லூயி, ஆன்றி, ரொபேர் என்று பிரெஞ்சுக்காரர்கள் சொல்லும் பெயர்கள் ஜெர்மானியப் பெயர்களே. ஃபிராங்க் இனத்து அரசர்கள் காலத்தில் அங்கே போனவை. லூயியும் லுட்விக்கும் ஒன்றுதான்.

படி 3: பின்பாதியை முதலில் படியுங்கள்

பழைய ஜெர்மானியப் பெயர்களில் பெரும்பாலானவை இரண்டு சொற்களால் ஆனவை. பின்பாதிக்கு வரும் சொற்கள் குறைவு என்பதால் அங்கிருந்து ஆரம்பிப்பது எளிது. பெயர் ஆணுடையதா பெண்ணுடையதா என்பதையும் பெரும்பாலும் அதுவே சொல்லிவிடும்.

ஆண் பெயர்களில் அடிக்கடி வருபவை: ரிஷ் (ஆட்சி, வல்லமை), ஃபிரீட் (அமைதி, காப்பு), ஹார்ட் (உறுதி), பெர்ட் அல்லது பிரெஷ்ட் (ஒளி), ஹெல்ம் (தலைக்கவசம்), மார் (புகழ்), விக் (போர்), கெர் (ஈட்டி).

பெண் பெயர்களில்: ஹில்ட் (போர்), குண்ட் (இதுவும் போர்), கார்ட் (வேலி, அரண்), புர்க் (கோட்டை, காப்பு), ட்ரூட் (வலிமை), லிண்ட். கடைசிச் சொல்லுக்கு 'மென்மை' என்றும், லிண்டன் மரத்தில் செய்த கேடயம் என்றும் இருவகை விளக்கம் உண்டு.

ஹெட்விக்கில் 'விக்' பெண் பெயரில் வந்திருக்கிறதே என்று கேட்பீர்கள். விதிவிலக்குதான், அப்படிச் சிலது உண்டு.

சில சொற்கள் காலப்போக்கில் தேய்ந்து அடையாளம் தெரியாமல் போயிருக்கும். ருடோல்ஃப், அடோல்ஃப் இரண்டிலும் கடைசியில் இருப்பது வோல்ஃப், அதாவது ஓநாய். ஆர்னோல்டின் 'ஓல்ட்' என்பது வால்ட் (ஆளுதல்). முன்னால் இருப்பது கழுகு. வால்டர், குந்தர் ஆகியவற்றின் கடைசி 'அர்', ஹெரி (படை) என்ற சொல்லின் மிச்சம்.

படி 4: முன்பாதிக்குப் போங்கள்

அடால் (உயர்குடி), டியோட் (மக்கள்), ஹைம் (வீடு), ஜீகு (வெற்றி), ஹ்லூட் (பெயர் பெற்ற), ஹ்ரோட் (புகழ்), குவோனி (துணிவு), பெரோ (கரடி), ஹாடு (போர்). இவை பழைய உயர் ஜெர்மன் வடிவங்கள், அதாவது இன்றைய ஜெர்மனின் மிகப் பழைய நிலை. சொல்லின் முதலில் இருந்த 'ஹ்' பின்னால் உதிர்ந்ததால்தான் ஹ்லூட் என்பது லுட்விக்கில் 'லுட்' ஆனது.

இப்போது சேர்த்துப் பாருங்கள். ஹைன்ரிஷ்: வீடு, ஆட்சி. ஃபிரீட்ரிஷ்: அமைதி, ஆட்சி. டீட்ரிஷ்: மக்கள், ஆட்சி. பெர்ன்ஹார்ட்: கரடி, உறுதி. கெர்ட்ரூட்: ஈட்டி, வலிமை. ஹில்டெகார்ட்: போர், அரண்.

ஒரு எச்சரிக்கை. இன்றைய ஜெர்மன் அகராதியை வைத்துக்கொண்டு மட்டும் பிரிக்காதீர்கள். ஜீக்முண்ட் என்பதில் உள்ள 'முண்ட்' இன்றைய மொழியில் வாய். பெயரில் அது 'பாதுகாப்பு' என்ற பழைய சொல். புருன்ஹில்டில் 'பிரவுன்' நிறம் கிடையாது, அது மார்புக்கவசம்.

படி 5: வாக்கியம் ஆக்காதீர்கள்

இங்கேதான் பெயர்ப் பொருள் சொல்லும் பட்டியல்கள் தடுமாறுகின்றன. ஃபிரீட்ரிஷ் என்றால் 'அமைதியாக ஆள்பவன்' என்று ஒட்டவைத்துவிடுகின்றன. இரண்டு சொற்களும் இப்படி இலக்கணத்தோடு இணையவேண்டும் என்று பெயர் வைத்தவர்கள் நினைத்ததற்கு அடையாளம் இல்லை. ஹெட்விக்கை வைத்தே இதைச் சோதிக்கலாம். 'போர்ப்போர்' எந்த வாக்கியமாகவும் ஆகாது.

பிறகு எப்படிப் பெயர் வைத்தார்கள்? உறவைக் காட்டினார்கள். 9ஆம் நூற்றாண்டில் எழுதிவைக்கப்பட்ட ஹில்டெபிராண்ட் பாடலில் தாத்தா ஹெரிபிராண்ட், அப்பா ஹில்டெபிராண்ட், மகன் ஹாடுபிராண்ட். பின்பாதி மூவருக்கும் ஒன்று. முன்பாதி மாறுகிறது, ஆனால் மூன்றும் 'ஹ' ஒலியில் தொடங்குகிறது. பெயரைக் கேட்டதுமே யார் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்துவிடும். நிபெலுங்கன் காவியத்தில் வரும் அண்ணன் தம்பிகள் குந்தர், கெர்னோட், கீசெல்ஹெர் மூவருக்கும் முதல் ஒலி ஒன்றாக இருப்பதும் இதே வழக்கம்தான். அம்மா பெயரிலிருந்து ஒரு பாதி, அப்பா பெயரிலிருந்து ஒரு பாதி எடுத்துச் சேர்ப்பதும் உண்டு. இப்படிச் சேர்க்கும்போது சில சமயம் ஒரே பொருள் இரண்டு முறை வந்து நிற்கும், ஹெட்விக் மாதிரி.

பின்னாளில் முழுப் பெயரையே வழிவழியாகக் கொடுத்தார்கள். லுட்விக் வான் பீத்தோவனின் தாத்தாவும் லுட்விக்தான், அவரும் இசைக்கலைஞர். 'பெயர் பெற்ற', 'போர்' என்ற பழைய சொற்களைவிடத் தாத்தாவின் பெயர் என்பதே அந்த வீட்டுக்கு முக்கியமாக இருந்திருக்கும். அதனால் பொருளை எழுதும்போது நடுவில் காற்புள்ளி போட்டு இரண்டு சொற்களாகவே எழுதுங்கள்.

படி 6: சுருக்கத்தை விரியுங்கள்

பிரிக்க முடியாத குட்டிப் பெயர் வந்தால் அது ஏதோ ஒன்றின் சுருக்கமா என்று பாருங்கள். ஃபிரிட்ஸ் என்பது ஃபிரீட்ரிஷ், ஹைன்ஸ் என்பது ஹைன்ரிஷ், குர்ட் என்பது கொன்ராட், ஹைடி என்பது அடெல்ஹைட், கிரேட்டல் என்பது மார்கரேட்டெ. மார்லேன டீட்ரிஷ் தன் இரண்டு பெயர்களான மாரி, மாக்டலேன ஆகியவற்றைச் சேர்த்து 'மார்லேன' ஆக்கிக்கொண்டார். 'ஹின்ஸும் குன்ஸும்' என்றால் ஜெர்மனில் 'யாரோ எவரோ' என்று பொருள். ஹைன்ரிஷும் கொன்ராடும் தெருவுக்குத் தெரு இருந்த காலத்து மிச்சம் அது.

எல்லாமே சுருக்கமும் இல்லை. கார்ல் ஒற்றைச் சொல்தான்: சுதந்திர மனிதன். பேரரசர் கார்லின் (சார்லமேன்) பெயரிலிருந்துதான் போலிஷ், செக் மொழிகளில் அரசனைக் குறிக்கும் சொல்லே பிறந்தது.

படி 7: நிஜமாகவே வாக்கியமாக இருப்பவை

17, 18ஆம் நூற்றாண்டுகளில் பியட்டிஸ்ட் என்ற புராட்டஸ்டண்ட் பக்தி இயக்கத்தார் புதுவகைப் பெயர்களைப் பரப்பினார்கள். டிரவுகோட் (கடவுளை நம்பு), ஃபூர்ஷ்டெகோட் (கடவுளுக்கு அஞ்சு), லேபெரெஷ்ட் (நேர்மையாக வாழ்). இவற்றுக்கு மட்டும் படி 5 பொருந்தாது, தாராளமாக வாக்கியமாகவே படிக்கலாம். கோட்லீப் (கடவுளுக்குப் பிரியமானவன்) என்ற பெயரும் இதே காலத்தில் பரவியது. மொசார்ட் பிறந்தபோது ஞானஸ்நானப் பதிவில் கிரேக்கத்தில் தியோஃபிலுஸ். அவர் அப்பா அதையே ஜெர்மனில் கோட்லீப் என்று எழுதினார். இலத்தீனில் அமதேயுஸ் ஆனது.

1706இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய ஜெர்மன் மதபோதகர்கள் பர்த்தலோமேயுஸ் சீகன்பால்கும் ஹைன்ரிஷ் புளுட்சோவும் ஹாலே நகரத்து பியட்டிஸ்டுகளோடு தொடர்புடையவர்கள். அவர்களுடைய பெயர்களோ அதற்கும் பழையவை. முதலாவது விவிலியப் பெயர், 'தல்மாயின் மகன்' என்ற அராமிய மொழித் தொடர். இரண்டாவதை நீங்களே பிரித்துவிடுவீர்கள். 1798இல் தஞ்சாவூரில் இறந்த மதபோதகர் கிறிஸ்டியன் ஃபிரீட்ரிஷ் ஷ்வார்ட்ஸ் பெயரில் இரண்டு மரபும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன: கிரேக்க, இலத்தீன் வழியாக வந்த கிறிஸ்டியன், ஜெர்மானிய ஃபிரீட்ரிஷ்.

சரி, இனி உங்கள் முறை. ஆல்பிரெஷ்ட், கெர்லிண்டெ, டீட்மார் மூன்றையும் மேலே உள்ள சொற்களை வைத்தே பிரித்துவிடலாம். ஆல்பிரெஷ்டில் அடால் என்ற சொல் தேய்ந்து 'ஆல்' ஆகியிருக்கிறது. அதை முடித்ததும் ஆல்பர்ட் என்ற பெயரைப் பக்கத்தில் எழுதி இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள்.