பனி அகற்றும் வண்டி பின்னால் வருபவரின் கண்ணில் பட என்ன செய்ய வேண்டும்?

பனி அகற்றும் வண்டி வேலையில் இருக்கும்போது பெரும்பாலும் மணிக்கு 40 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில்தான் செல்லும். அதன் தகடு வாரி எறியும் பனித்தூள் மேலெழுந்து வண்டியின் பின்புறத்தையே மறைத்துவிடுவதால், வேகமாக வரும் கார் ஓட்டுநருக்கு முன்னால் வெறும் வெண்மைதான் தெரியும். முன்னே ஏதோ மினுங்குகிறது என்று மட்டும் அவருக்குத் தெரிந்தால் போதாது. அது எவ்வளவு அகலமானது, தான் அதை எவ்வளவு விரைவாக நெருங்குகிறோம் என்பதும் உடனே புரிய வேண்டும். கீழே உள்ள படிகள் அனைத்தும் இதற்காகத்தான்.

முதல் படி: பின்னால் நின்று பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன், இருட்டிய பிறகு வண்டியைப் போக்குவரத்து இல்லாத இடத்தில் நிறுத்தி, சுமார் 100 மீட்டர் பின்னால் ஒரு காரை நிறுத்தி, அதன் ஹெட்லைட்டை எரியவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலிருந்து பாருங்கள். வண்டியின் இரு ஓரங்களும் எங்கே முடிகின்றன என்று சொல்ல முடியாவிட்டால், அங்கிருந்துதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

இரண்டாம் படி: ஓரங்களை வரைந்து காட்டுங்கள்

இதற்கு ரிஃப்ளெக்டர் பட்டைதான் மலிவான, நம்பகமான வழி. அது தன்மேல் விழும் ஒளியை வந்த திசைக்கே திருப்பி அனுப்புவதால், ஹெட்லைட் பட்டவுடன் ஓட்டுநரின் கண்ணுக்குப் பளிச்சிடும். ஒளிரும் ஆரஞ்சு, எலுமிச்சை மஞ்சள் போன்ற ஃப்ளோரசன்ட் நிறங்கள் பகலிலும் அந்தி வேளையிலும் மிக நன்றாக உதவும். ஆனால் அவை புற ஊதா ஒளியை வாங்கி ஒளிர்பவை என்பதால், இரவில் அவற்றை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. இரண்டு தன்மையும் சேர்ந்த பட்டை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

பின்புறத்தின் மேல் மூலைகளையும் இரு பக்க விளிம்புகளையும் முதலில் ஒட்டுங்கள். நடுவில் எவ்வளவு ஒட்டினாலும் அகலம் தெரியாது. இடம் இருந்தால், தீயணைப்பு வண்டிகளின் பின்னால் காண்பதுபோல 45 பாகை சாய்ந்த இருநிறக் கோடுகளைச் சேர்க்கலாம். குளிர்ந்த, ஈரமான உலோகத்தில் பட்டை பிடிக்காது. எனவே வெப்பமூட்டிய கொட்டகையில் வண்டியை நிறுத்தி, பரப்பை ஆல்கஹாலால் துடைத்து, உலர்ந்த பிறகு நடுவிலிருந்து வெளிப்புறமாக அழுத்தித் தேய்த்து ஒட்டுங்கள். ஆணித் தலைகளின் மேல் இழுத்து ஒட்டினால், பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு கலந்த நீர் அந்த இடத்தில் புகுந்து பட்டை உரியும். ஆகவே அங்கே வெட்டி விட்டு ஒட்டுங்கள்.

மூன்றாம் படி: விளக்குகள்

முதலில் உங்கள் பகுதியின் சட்டத்தைப் பாருங்கள். அமெரிக்காவில் ஆம்பர் எனப்படும் அடர்மஞ்சள் பரவலாகப் பயன்படுகிறது. மிச்சிகன், ஒஹாயோ மாநிலங்களில் பச்சையையும் சேர்த்துப் பயன்படுத்துகிறார்கள். கனடாவின் ஒன்டாரியோவில் நீல விளக்கு. பச்சைக்கு ஒரு காரணம் உண்டு: பகல் வெளிச்சத்தில் மனிதக் கண் மிகக் கூர்மையாக உணர்வது ஏறக்குறைய 555 நானோமீட்டர் அலைநீளத்தை, இருட்டில் அது 507 நானோமீட்டரை ஒட்டி நகர்கிறது. இரண்டுமே பச்சையின் எல்லைக்குள் வருபவை.

நிறத்தைவிட விளக்கு எரியும் விதம் முக்கியம் என்பது என் உறுதியான கருத்து. மினுங்கும் விளக்கு கவனத்தை இழுக்கும், ஆனால் அணைந்து அணைந்து எரிவதால் தூரத்தையும் நெருங்கும் வேகத்தையும் கணிக்க விடாது. அதனால் மேலே மினுங்கும் விளக்கை வைத்து, பின்புறத்தின் இரு ஓரங்களிலும் அணையாமல் எரியும் நீண்ட விளக்குப் பட்டைகளை நெட்டுக்குத்தாகப் பொருத்துங்கள். அவற்றுக்கிடையே உள்ள இடைவெளி விரிவதைக் கண்டுதான் பின்னால் வருபவர் தாம் நெருங்குவதை உணர்கிறார். இரவில் மினுங்கும் விளக்கின் பிரகாசத்தைக் குறைக்கும் வசதியும் தேவை, இல்லாவிட்டால் விழும் பனித்துகள்களில் ஒளி பட்டுச் சிதறி, பின்னால் வருபவருக்கும் உங்கள் ஓட்டுநருக்கும் கண் கூசும்.

நான்காம் படி: மறையாமல் காப்பது

எல்இடி விளக்கு மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் பழைய பல்பைப் போல விளக்கின் முன்புறக் கண்ணாடியைச் சூடாக்காததால் அதன்மேல் பனி உறைந்து ஒட்டிக்கொள்ளும். சூடேறும் கண்ணாடி கொண்ட விளக்கை வாங்குங்கள். கூடவே வண்டியின் பின் மேல்விளிம்பில், காற்றைக் கீழ்நோக்கித் திருப்பும் வளைந்த தகடு ஒன்றைப் பொருத்தினால், அந்தக் காற்றே விளக்கின் மேல் பனி படிவதைக் குறைக்கும். பனி ஒதுக்கும் தகட்டின் மேல்விளிம்பில் ரப்பர் மடல் இருந்தால் பனித்தூள் மேலெழுவதும் குறையும். இத்தனை செய்தாலும், ஒவ்வொரு முறை உப்பு நிரப்ப நிற்கும்போதும் விளக்கையும் பட்டையையும் துடைக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பக்கத் தகடு

வண்டியின் உடலைத் தாண்டி நீளும் பக்கத் தகடுதான் பனித்தூளுக்குள் முழுதாக மறைவது. முந்த முயலும் ஓட்டுநர் அதன்மேல் மோதிவிடக் கூடும். தகட்டின் வெளிமுனையில் உயரமான ஒளிர்நிறக் கம்பி ஒன்றையும், தகடு விரியும்போது தானாக எரியும் தனி விளக்கு ஒன்றையும் பொருத்துங்கள். அதோடு, முன்தகடு உயர்ந்திருக்கும்போது வண்டியின் ஹெட்லைட்டையே மறைக்கும் என்பதால், அதற்கு மேலே கூடுதல் ஹெட்லைட் வேண்டும்.

எல்லாம் முடிந்ததும் முதல் படியை மறுபடி செய்யுங்கள். இம்முறை பனி பொழியும் இரவில், தகடு இறக்கி வேலை செய்யும் வண்டியின் பின்னால், போதிய இடைவெளி விட்டு, வேறொருவர் காரை ஓட்ட, நீங்கள் பக்கத்து இருக்கையிலிருந்து பாருங்கள்.