கராச் வாசலுக்கு றோலர் டோர்: அளவு எடுக்கும் முறை

மரக்கதவு கொஞ்சம் இறுகினால் ஆசாரி சீவித் தருவார். மேலே சுருண்டு ஏறும் தகட்டுக் கதவான றோலர் டோருக்கு அந்த வழி கிடையாது. யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோ வெட்டிப் பூட்டி லொறியில் ஏற்றி வரும் தகடு ஒரு அங்குலம் குறைந்தால் குறைந்ததுதான். திருப்பி அனுப்பும் லொறிக்கூலியும் உங்கள் தலையில்தான் விழும். அதனால் அளவுக்கு ஒரு காலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். அளவுநாடாவின் மறுமுனையைப் பிடிக்க இன்னொருவர் கட்டாயம் வேண்டும். தனியாக இழுத்தால் நடுவில் தொய்ந்து, உள்ளதை விடக் கூடக் காட்டும்.

முதலில், எப்போது அளப்பது? பூச்சு முடிந்து, நிலமும் போட்ட பிறகு. 2009க்குப் பின் எழுந்த வீட்டுத்திட்ட வீடுகள் பலவற்றில் கராச் பிறகு சேர்த்துக் கட்டியதாக இருக்கும். கல் வைத்து, வாசலுக்கு மேலே வரும் கொங்கிறீற் உத்திரமான லின்ரலைப் போட்டதுமே கதவுக்குச் சொல்லிவிட மனம் அவசரப்படும். ஒரு பக்கப் பூச்சு அரை முதல் முக்கால் அங்குலம் வரும். இரண்டு பக்கமும் சேர்ந்தால் வாசல் ஒன்றரை அங்குலம் வரை ஒடுங்கும். நிலத்துக்குக் கொங்கிறீற் போட்டால் உயரமும் 2, 3 அங்குலம் குறையும். பழைய கதவை மாற்றுகிறவர்கள் பழைய கதவை அளந்து கொடுக்க வேண்டாம். அதுவே பிழையான அளவில் செய்யப்பட்டிருக்கலாம். வாசலை அளவுங்கள்.

எல்லாவற்றையும் மில்லிமீற்றரில் எழுதுங்கள். மேசன் அடி அங்குலத்தில் பேசுவார், கடைக்காரர் சதுர அடியில் விலை சொல்வார், தகடு வெட்டுகிறவர் மில்லிமீற்றரில் வெட்டுவார். மூன்றும் கலக்கும் இடத்தில்தான் பிழை நுழைகிறது. 1 அங்குலம் 25.4, 1 அடி 304.8, ஆகவே 10 அடி 3,048 மில்லிமீற்றர்.

அகலத்தை மேலே, நடுவில், கீழே என மூன்று இடத்தில் எடுங்கள். 3,048, 3,040, 3,054 என்று மூன்றும் வேறாக வந்தால் பதற வேண்டாம், கையால் பூசிய சுவர் அப்படித்தான் இருக்கும். எந்த எண்ணைக் கொடுப்பது என்பது சனல், அதாவது தகட்டின் இரு ஓரமும் ஏறி இறங்கும் பக்கத் தவாளிப்பு, எங்கே பூட்டப்படுகிறது என்பதைப் பொறுத்தது. சனல் சுவரின் உட்புற முகத்தில் வந்தால் மிகப் பெரிய எண், 3,054. தகடு அதைத் தாண்டி இரு பக்கமும் சனலுக்குள் போகவேண்டும். சனல் இரண்டு தூணுக்கும் இடையில் வந்தால் மிகச் சிறிய எண், 3,040. இல்லாவிட்டால் நடுவில் இறுகும். இடையில் பூட்டும்போது ஒவ்வொரு சனலும் சுமார் 3 அங்குலத்தை எடுத்துக்கொள்ளும் என்பதையும் மறக்கக் கூடாது. 8 அடி வாசல் அப்போது ஏழரை அடி ஆகிவிடும். ஒடுக்கமான ஹையேஸ் வானின் உடல் அகலம் மட்டும் 1,695 மில்லிமீற்றர், மீதியில் நல்ல பங்கைப் பக்கக் கண்ணாடிகள் தின்றுவிடும். இடமிருந்தால் உட்புற முகத்திலேயே பூட்டச் சொல்லுங்கள். அதற்கு வாசலின் இரு பக்கமும் சுவர் வெறுமையாக இருக்கவேண்டும்: சனலுக்கு 4 அங்குலம், மோட்டர் வரும் பக்கத்தில் அதைவிடக் கூட. அந்த இடத்தில் ஜன்னலோ குறுக்குச் சுவரோ இருந்தால் அதன் தூரத்தையும் படத்தில் குறியுங்கள்.

அடுத்தது மூலைவிட்டம். இடது மேல் மூலையிலிருந்து வலது கீழ் மூலைக்கும், வலது மேலிலிருந்து இடது கீழுக்கும் அளவுங்கள். 10 அடி அகலம் 8 அடி உயரமான வாசலில் இரண்டும் 3,903 அளவில் வரவேண்டும். வித்தியாசம் 10 மில்லிமீற்றரைத் தாண்டினால் வாசல் ஒரு பக்கம் சரிந்திருக்கிறது. தூக்குக்குண்டு விட்டு எந்தத் தூண் சரிவு என்று பார்த்து, கதவுக்குச் சொல்லமுன் பூச்சைத் திருத்துங்கள். சனல் தூக்கு நேராகத்தான் நிற்கவேண்டும், சரிந்த தூணோடு சேர்ந்து சரிந்தால் தகடு இழுபடும்.

வன்னியில் அதிகம் கோட்டைவிடுவது லின்ரலுக்கு மேலுள்ள இடத்தில். சுருண்ட தகடு அங்கேதான் இருக்கப்போகிறது. 8 அடி உயரமான கதவுக்குப் பொதுவாக 15 முதல் 18 அங்குலம் வேண்டும், மூடு பெட்டி வைத்தால் இன்னும் கூடும். வாங்கப்போகும் கதவுக்கு எவ்வளவு என்று கடையில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். வீட்டோடு ஒட்டிப் பத்தியாக இறக்கிய கராச்சில் கூரை வாசல் பக்கம்தான் பதிந்திருக்கும். லின்ரலின் அடியிலிருந்து கூரைத் தகட்டுக்கு அளந்துவிட்டுப் போதும் என்று இறங்கிவிடாதீர்கள். அந்த இடத்தில் ஆகக் கீழே தொங்குவது எது என்று ஏணியில் ஏறிப் பாருங்கள்: குறுக்குப் பைப், சீற்றைப் பிடிக்கும் கொக்கி ஆணியின் முனை, மின்குழாய். அளவு அதுவரைக்கும்தான். சுருள் முழு அகலத்துக்கும் இருப்பதால் இடது, நடு, வலது மூன்றிலும் எடுத்துக் குறைந்ததைக் கொடுங்கள். இடம் போதாவிட்டால் இரண்டு வழி. லின்ரலுக்குக் கீழே ஒரு சட்டம் கொடுத்து வாசலின் உயரத்தைக் குறைக்கலாம், அல்லது சுருளை வெளியே பூட்டலாம். வெளியே பூட்டினால் மாரி மழையும் கிரவல் தூசியும் நேரே அடிக்கும், பெட்டி போட்டு மூடவேண்டும். உயரத்தைக் குறைப்பதாக இருந்தால் உழவு இயந்திரத்தை முதலில் அளவுங்கள். மேல்நோக்கி நிற்கும் புகைக்குழாயை மறந்து வாசலைக் குறைப்பவர்கள் உண்டு.

நிலத்தையும் கண்ணால் நம்பவேண்டாம். ஒரு தெளிந்த பிளாஸ்ரிக் குழாயில் தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி இல்லாமல் பார்த்து, இரண்டு தூணிலும் ஒரே மட்டத்தில் பென்சில் கோடு போடுங்கள். கோட்டிலிருந்து நிலத்துக்கு இடது பக்கம் 1,000, வலது பக்கம் 1,018 என்று வந்தால் நிலம் வலது பக்கம் 18 மில்லிமீற்றர் பதிந்திருக்கிறது. கதவின் அடிச்சட்டம் நேர்க்கோடு. அது இடது பக்கத்தில் முட்டும்போது வலது பக்கத்தில் முக்கால் அங்குல நீக்கல் நிற்கும். அடி றப்பர் அதில் ஒரு பகுதியைத்தான் மூடும். அந்த நீக்கலால் எலி வரும், எலியைத் தேடிப் புடையன் வரும். கதவை ஒரு பக்கம் நீட்டி வெட்டச் சொல்வதை விட நிலத்தைச் சீராக்குவது மலிவு. அதோடு, கதவு இறங்கும் கோட்டுக்கு வெளியே நிலத்தை முக்கால் அங்குலம் தாழ்த்தி வெளிப்பக்கம் சரிவு கொடுத்தால் மழைத்தண்ணீர் உள்ளே திரும்பாது. உயர அளவை இதெல்லாம் முடிந்தபின், பதிந்த இடத்திலிருந்து லின்ரலின் அடிவரை எடுங்கள். தகடு கொஞ்சம் நீளமாக இருந்தால் மிச்சம் சுருளுக்குள் நிற்கும், குறைந்தால் நீக்கல்தான்.

2018 டிசெம்பரில் கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் வெள்ளம் ஏறியது. உங்கள் சுவரில் அந்தக் கறை தெரிந்தால் அதன் உயரத்தையும் படத்தில் போடுங்கள். மோட்டர் மேலே இருக்கும், சுவிச்சும் பிளக்கும் அந்தக் கோட்டுக்கு மேலே வரவேண்டும். மோட்டர் இடமா வலமா என்பதை எப்போதும் உள்ளே நின்று பார்த்துச் சொல்லுங்கள், மின்சாரம் வரும் பக்கமே வசதி. கராச்சுக்கு வேறு வாசல் இல்லையென்றால் மின்வெட்டில் வெளியிலிருந்து திறக்கும் பூட்டையும் சேர்த்துக் கேளுங்கள். பிறகு கேட்டால் தகட்டில் துளை போடவேண்டி வரும்.

சுவரையும் தட்டிப் பாருங்கள். கதவின் முழுப் பாரமும் சுருளின் இரு முனையிலுள்ள பிறக்கெட்டில் தொங்கும். சீமெந்து குறைத்து அரிந்த கல்லில் போல்ட் பிடிக்காது, சில மாதத்தில் தளர்ந்து ஆடும். அந்த இடம் கொங்கிறீற் தூணாகவோ லின்ரல் நீண்ட பகுதியாகவோ இருக்கவேண்டும். லின்ரல் வாசலைத் தாண்டி எவ்வளவு தூரம் சுவருக்குள் போகிறது என்பதை எழுதிக்கொள்ளுங்கள்.

எல்லா எண்ணையும் ஒரே தாளில், உள்ளே நின்று பார்க்கும் படமாக வரைந்து, சனல் பூட்டும் இடத்தையும் எழுதி, ஒரு பிரதியில் கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். சதுர அடிக் கணக்கில் சுருளுக்கான தகடும் சேருமா என்று அப்போதே கேளுங்கள். வெட்டுவதற்கு முன் கடையிலிருந்து ஒருவர் வந்து தன் நாடாவால் அளக்கட்டும். இரண்டு அளவும் 5 மில்லிமீற்றருக்கு மேல் வேறுபட்டால், இருவரும் ஒரே நாடாவைப் பிடித்து மறுபடி எடுங்கள்.