பழைய இலங்கைக் காசு கையில் கிடைத்தால் செய்யக்கூடாதவை

வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ பழைய வீட்டை விட்டுத் தொடர்மாடிக்குப் போகும்போது அலுமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பிஸ்கட் பேணி வெளியே வரும். உள்ளே அம்மம்மா சேர்த்து வைத்த சதக் காசுகளும் நாலாக மடித்த இரண்டொரு தாள்களும் இருக்கும். பெரும்பாலான சேதம் அடுத்த அரைமணி நேரத்தில்தான் நடக்கிறது. யாராவது ஒருவர் தேசிக்காயும் புளியும் எடுத்துக்கொண்டு குசினிக்குள் போய்விடுவார்.

தயவுசெய்து தேய்க்காதீர்கள். செம்புக் காசின் மேலே படிந்திருக்கும் கபில நிறம் அழுக்கு இல்லை. காற்றோடும் ஈரத்தோடும் சேர்ந்து பல ஆண்டுகளில் செம்பின் மேல் உருவான படலம் அது. கீழே இருக்கும் எழுத்தையும் உருவத்தையும் அதுதான் காக்கிறது. 1870ஆம் ஆண்டு பொறித்த ஒரு சதக் காசைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் விக்டோரியாவின் தலை. மறுபக்கம் நடுவில் பனை மாதிரி ஒரு மரம், அதன் இரு புறமும் சிங்களத்திலும் தமிழிலும் பெறுமதி. அந்தத் தமிழ் எழுத்துகள் மிக மெல்லியவை. புளியில் ஊறவைத்துத் தேய்த்தால் முதலில் மழுங்குவது அவைதான். பளபளப்பு வரும், ஆனால் சேகரிப்பவர் யாரும் அந்தக் காசை நல்ல விலைக்கு வாங்கமாட்டார். மண் ஒட்டியிருந்தால் காய்ச்சி வடித்த நீரில் போட்டு எடுத்து, மெல்லிய துணியால் ஒற்றிவிட்டு, நன்றாக உலர விடுங்கள். அது போதும்.

அதே 1870 காசு இன்னொரு தவறுக்கும் இடம் கொடுக்கிறது. காசில் உள்ள ஆண்டையே அது புழக்கத்துக்கு வந்த ஆண்டாக எழுதிவிடுகிறோம். நூறு சதம் ஒரு ரூபாய் என்ற கணக்கு இங்கே நடைமுறைக்கு வந்தது 1872 ஜனவரி முதலாந் திகதி. காசு அதற்கு முன்பே அடித்து வைக்கப்பட்டது. தாள்களிலும் இப்படித்தான். இலங்கை நடனக் கலைஞர்கள் பின்பக்கத்தில் இருக்கும் வரிசையில் 2010 ஜனவரி 1 என்று அச்சாகியிருக்கிறது, மத்திய வங்கி அதை வெளியிட்டதோ 2011 பெப்ரவரி 4ஆம் திகதி.

1872ஐச் சொன்னபோது ஒன்று நினைவுக்கு வருகிறது. ரூபாயும் சதமும் சுதந்திரத்துக்குப் பிறகு வந்தவை என்று நினைக்கும் படித்தவர்கள் பலர். இந்தியா 1957 வரை அணாக் கணக்கில் இருந்தது. இலங்கை அதற்கு 85 ஆண்டுகள் முன்பே தசமக் கணக்குக்கு மாறிவிட்டது. இந்த விஷயம் நம் பள்ளிப் பிள்ளைகளுக்குத் தெரியாமல் போவது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

தாள் என்றால் எப்போதும் அரசாங்கம்தான் அடித்தது என்ற நினைப்பும் சரியில்லை. 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் கொழும்பில் கைமாறிய தாள்களில் பல தனியார் வங்கிகளுடையவை. 1841இல் தொடங்கிய ‘பாங்க் ஒஃப் சிலோன்’ அவற்றில் ஒன்று. இதை இன்றைய இலங்கை வங்கியோடு குழப்பக்கூடாது. இன்றைய வங்கி 1939இல் பிறந்தது, பழையது ஓரியண்டல் வங்கியோடு எப்போதோ கலந்துவிட்டது. கோப்பிச் செடியில் இலைநோய் பரவித் தோட்டங்கள் அழிந்த காலத்தில் அந்த ஓரியண்டல் வங்கியும் ஆட்டங்கண்டு, 1884 மே மாதத்தில் கதவைச் சாத்தியது. தீவில் புழங்கிய தாள்களில் பெரும்பங்கு அதனுடையது. கையில் இருப்பது காசா வெறும் கடதாசியா என்று ஊரே கலங்கி நின்றது. தேசாதிபதி ஆதர் கோர்டன் அந்தத் தாள்களுக்கு அரசாங்கம் பொறுப்பு என்று அறிவித்தார். அடுத்த ஆண்டிலிருந்து அரசாங்கமே தாள் வெளியிடத் தொடங்கியது. மத்திய வங்கி வந்தது 1950இல், அதன் முதல் தாள்கள் 1951இல். ஆகவே 1940ஆம் ஆண்டுத் தாள் ஒன்றை ‘மத்திய வங்கித் தாள்’ என்று விற்கிறார்கள் என்றால், விற்பவருக்கு அதன் வரலாறு தெரியாது.

ஒல்லாந்தர் காலத்துச் செம்புக் காசுகளைப் பற்றியும் கொஞ்சம். ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கும்பனியின் விஓசி (VOC) முத்திரை இருந்தாலே இலங்கைக் காசு என்று முடிவு கட்டாதீர்கள். நெதர்லாந்தில் அடித்து ஆசியா முழுவதும் அனுப்பிய காசுகளிலும் அதே முத்திரை இருக்கிறது. இங்கேயே அடித்த, ஸ்டைவர் என்ற தடித்த ஒல்லாந்துக் காசுகளில் முத்திரையோடு ஓர் ஐரோப்பிய எழுத்தும் இருக்கும். ‘சி’ (C) என்றால் சிலோன் என்று பலர் படிக்கிறார்கள். அது கொழும்பு. ‘ஜி’ (G) காலி, ‘டி’ (T) திருகோணமலை, ‘ஐ’ (I) யாழ்ப்பாணம். காசு அடித்த நகரத்தைத்தான் அந்த எழுத்து சொல்கிறது.

தமிழர் நடுவே அதிகம் நடக்கும் தவறு சேதுக் காசில். சின்னச் செம்புக் காசு. ஒரு பக்கம் நிற்கும் மனித உருவம், மறுபக்கம் நந்தி, நந்தியின் கீழே தமிழில் ‘சேது’. பெயரைக் கண்டவுடன் இராமநாதபுரம் சேதுபதிகளுடையது என்று சொல்லிவிடுகிறார்கள். அந்தச் சேதுபதிகள் 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் ஆட்சிக்கு வருகிறார்கள். இந்தக் காசுகள் அதற்கு முன்பே யாழ்ப்பாணத்தை ஆண்ட ஆரியச்சக்கரவர்த்திகளுடையவை என்பதே நாணயவியலாளர் ஏற்றுக்கொண்ட கருத்து. கேகாலைப் பக்கம் கொட்டகமவில் கிடைத்த அவர்கள் காலத்துத் தமிழ்க் கல்வெட்டும் ‘சேது’ என்றே தொடங்குகிறது. இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. நந்தி இருந்துவிட்டால் போதும், யாழ்ப்பாணக் காசு என்று உரிமை கொண்டாடிவிடுகிறோம். நந்தியைப் பல்லவரும் பொறித்திருக்கிறார்கள். எழுத்தைப் படித்த பிறகு பேசுவோம். நம்முடைய வரலாறு என்பதற்காகவே இதில் இரட்டிப்புக் கவனம் வேண்டும்.

பொலன்னறுவைக் காலத்துச் செம்புக் காசுகளுக்கும் இது பொருந்தும். பராக்கிரமபாகு, நிசங்கமல்லன், லீலாவதி ஆகியோரின் காசுகள் இராஜராஜ சோழனின் காசைப் பார்த்தே வார்த்தவை மாதிரி இருக்கும். நிற்கும் உருவம், அமர்ந்த உருவம், பக்கத்தில் பெயர். எழுத்து, வடமொழி எழுதப் பயன்படும் நாகரி. நாகரி படிக்கத் தெரிந்த ஒருவரிடம் காட்டாமல் சோழக் காசு என்றோ சிங்கள மன்னர் காசு என்றோ முடிவு செய்ய வழியே இல்லை.

புறக்கோட்டை நடைபாதையில் இராமர் பட்டாபிஷேகமோ அனுமாரோ பொறித்து, கிழக்கிந்தியக் கும்பனி, 1818 என்று போட்ட காசு கிடைத்தால் விட்டுவிடுங்கள். ஆங்கிலேயரின் அந்தக் கும்பனி அப்படி ஒரு காசு அடித்ததே இல்லை. அது அரிசியை இழுக்கும், கோடிக்கு விலை போகும் என்று யாராவது சொன்னால் அங்கேயே நிற்காமல் நடையைக் கட்டுங்கள்.

விலை விஷயத்தில் இரண்டு சொல்லலாம். நினைவுக் காசு என்றாலே அரியது என்று எண்ணவேண்டாம். 1976 அணிசேரா மாநாட்டுக் காசு இன்னும் எத்தனையோ வீடுகளில் கிடக்கிறது. மற்றது வெள்ளி. 1892 முதல் 1917 வரையான 10, 25, 50 சதங்களில் வெள்ளி நூற்றுக்கு 80 பங்கு. 1919 முதல் அது 55 ஆகக் குறைந்தது. 1943இல் 25, 50 சதங்கள் வெள்ளியே இல்லாமல் மஞ்சள் உலோகத்தில் வந்தன. எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டிச் செட்டியார் தெரு நகைக்கடையில் நிறுத்துக் கொடுத்தால் நட்டம் உங்களுக்கு. உருக்கிய காசு திரும்பி வராது என்பது அதைவிடப் பெரிய நட்டம்.

அப்புறம் சட்டம். மண்ணைத் தோண்டும்போது பழங்காசு அகப்பட்டால் தொல்பொருளியல் திணைக்களத்துக்கு அறிவிக்க வேண்டும். அனுமதி இல்லாமல் நாட்டுக்கு வெளியே கொண்டு போகவும் முடியாது. 1940ஆம் ஆண்டுக் கட்டளைச் சட்டம் இது. கனடாவிலிருந்து வந்த மருமகனுக்கு அன்போடு சூட்கேசில் வைத்து அனுப்புகிறவர்கள் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

தாள்களுக்கு ஒட்டுநாடாவும் லாமினேட்டும் எமன். கடற்காற்று ஊரில் குண்டூசியும் ஸ்டேப்பிளும் துருப்பிடித்துத் தாளைத் தின்றுவிடும். மலிவான பிளாஸ்டிக் உறையில் காசை வைத்தால் சில ஆண்டுகளில் பச்சைப் பிசின் படியும். 1970க்கு முந்திய 50, 100 ரூபாய்த் தாள் இருந்தால் வங்கிக்குக் கொண்டு போகாதீர்கள். என்.எம். பெரேரா நிதியமைச்சராக இருந்த அந்த ஆண்டில் அவை செல்லாதவை ஆக்கப்பட்டன. அப்போது திருப்பிக் கொடுக்கப்படாமல் தப்பியவை என்பதால் சேகரிப்பவருக்குத்தான் அவை வேண்டும்.

ஒப்பிட்டுப் பார்க்கக் கோட்டை சதாம் வீதியில் மத்திய வங்கியின் அருங்காட்சியகம் இருக்கிறது. கிழிந்தது என்று எதையும் எறிவதற்கு முன் அங்கே ஒருமுறை போய்வாருங்கள். போர்க்கால உலோகத் தட்டுப்பாட்டால் 1942இல் ஐந்து சதத்துக்கே தாள் அடித்தார்கள். நடுவில் துளை வரிசை போட்டு, ஒரு பாதி 2 சதம், மறுபாதி 3 சதம் என்று கிழித்துக் கொடுக்கும்படியே அதைச் செய்திருந்தார்கள். பேணிக்குள் கிடக்கும் அந்தப் பாதித் தாள், தன்மேல் போட்ட பெறுமதிக்குத் தனிக்காசாகவே கடையில் செல்லுபடியானது.